அக்கா பிறந்ததற்கு நான் சாட்சி

முப்பத்தோரு வருடம் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு தனியார் பேருந்துக் கம்பெனிக்கு டைம் கீப்பராக இருந்தவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த ஊருக்குப் புறப்படும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன் கோலாலம்பூரில் இறங்கிய முதல் நாளே தவறான ரயிலில் ஏறி, அதிலும் பெண்கள் பெட்டியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே மழையைப் பார்த்து மயங்கிக்கொண்டு போனேன்.

விமானத்தில் கண்ணை மூடவில்லை. அதனால் சென்ட்ரல் நிலையத்தின் குளிரும், தானாக ஏறி இறங்கும் படிக்கட்டுகளும், எங்கிருந்தோ பேசிய பெண் குரலும் எனக்குப் பாதிக் கனவாகவே இருந்தன. கனவில் வந்த ரயில் என்று நினைத்து ஏறிவிட்டேன் போலிருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி வாழையும் பப்பாளியும் மரவள்ளியும் யாரும் நடாமலே வளர்ந்ததுபோல் நின்றன. அவற்றுக்குப் பின்னால் கட்டடங்கள் மேகத்துக்குள் தலையை விட்டிருந்தன. எங்கள் ஊரில் மழை வந்தால் ஆட்கள் ஓடுவார்கள். இங்கே யாரும் ஓடவில்லை. மழையும் அவர்களோடு வேலைக்குப் போய்த் திரும்புகிற ஆள் மாதிரி நடந்துகொண்டது.

எதிர் இருக்கையில் பாதுகாவலர் சீருடை போட்ட ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டார், நான் எங்கே போகிறேன் என்று. கிள்ளான் என்றேன்.

“அப்ப ரெண்டு தப்பு அண்ணே,” என்றார். “இது செரம்பான் பக்கம் போற ட்ரெயின். அப்புறம் இது பொம்பளைங்க கோச் லா.”

பேச்சின் கடைசியில் ஒட்டும் அந்த ‘லா’ இந்த ஊர் வழக்கம். சுற்றிலும் பார்த்தேன். அத்தனை பேரும் பெண்கள். ஒருவரும் என்னை முறைக்கவில்லை என்பதுதான் கூடுதல் வெட்கமாக இருந்தது. சாலாக் செலாத்தான் நிலையத்தில் அந்தப் பெண் என்னை இறக்கிவிட்டுத் தானும் இறங்கினார். அவர் வீடு அங்கேதானாம். எதிர் நடைமேடையைக் காட்டி, சென்ட்ரலுக்கே திரும்பிப் போய் வேறு ரயில் ஏற வேண்டும் என்றார். அடுத்த வண்டிக்கு நேரமிருந்தது. பையிலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினார். நம் ஊர் சோமாசியின் வடிவம், உள்ளே உருளைக்கிழங்கு மசாலா. இன்னும் சூடாக இருந்தது.

எதற்கு வந்தேன் என்று கேட்டார். கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கும் என் அக்காவுக்குச் சிவப்பு அடையாள அட்டை கிடைக்க வேண்டும், அதற்குச் சாட்சியாக வந்திருக்கிறேன் என்று சொன்னேன். ஐசி என்று இந்த நாட்டில் சொல்லும் அந்த அட்டை குடிமக்களுக்கு நீலம், நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றவர்களுக்குச் சிவப்பு. அந்தப் பெண்ணின் சித்தி இங்கேயே, ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவராம். பிறப்பைப் பதியாமல் விட்டதால் அவருக்கும் சிவப்பு அட்டைதான் கிடைத்ததாம்.

“நீலத்துக்கு மாத்தணும் மாத்தணும்னு அலைஞ்சாங்க. போய்ச் சேர்ற வரைக்கும் சிவப்புதான்,” என்றார். பிறகு, “ஒங்க அக்காவுக்குக் கெடைக்கும் அண்ணே,” என்று சொல்லிவிட்டு மழைக்குள் நடந்து போனார். குடை வைத்திருந்தும் விரிக்கவில்லை.

அக்காவின் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தது அவள்தான். தையல் டீச்சராக இருந்தாள். இனி அவளுக்குக் கல்யாணம் எங்கே என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கைவிட்ட வயதில், நாற்பத்தைந்தில், மனைவியை இழந்த ஒரு மலேசிய லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தாள். பன்னிரண்டு வருடம் ஆயிற்று. இன்னும் அவள் இங்கே இருப்பது மனைவி என்ற பாஸில்தான். அதைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மாமா நேரில் வந்து, கவுண்டர் முன் நின்று, இவள் என் மனைவி என்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது சக்கர நாற்காலி. அவர் இருக்கும்வரை இவள் இருக்கலாம். அவருக்குப் பிறகு பாஸ் இல்லை. சிவப்பு அட்டை வந்துவிட்டால் யாருடைய கையெழுத்தும் வேண்டாம். அதற்கான நேர்காணல் வெள்ளிக்கிழமை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். என் மனைவி இறந்து ஆறு வருடம். போன வருடம் வீட்டு மாடியில் ஒரு அறை கட்டினேன். குளியலறை சேர்ந்தது, கிழக்குப் பார்த்த ஜன்னல். யாருக்கு என்று கேட்டவர்களிடம் வாடகைக்கு என்று சொன்னேன். இன்று வரை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை.

மறுநாள் காலை பண்டமாரானில் கண் விழித்தபோது வெளியே இருட்டு. என் கைக்கடிகாரம் நாலரை என்றது. நான் அதை மாற்றவில்லை. இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொண்டால் போதும், ஒரு வாரத்துக்காக அதைத் தொடுவானேன் என்று வீம்பு. எங்கோ கப்பல் ஊதியது. துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகளின் அதிர்வு கட்டிலின் கால் வழியாக உடம்புக்குள் ஏறியது. ஏழு மணிக்கும் விடியாத ஊரில் என்ன செய்வது என்று தெரியாமல் அக்கா சமையலறையில் பாத்திரம் உருட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். எந்த ஊரில் இருக்கிறேன் என்பது சிறிது நேரம் மறந்துபோயிற்று.

மாமா பேசுவது இப்போது மெதுவாகிவிட்டது. ஒவ்வொரு சொல்லையும் லாரியில் ஏற்றுவதுபோல் யோசித்து ஏற்றி அனுப்புகிறார். “மாப்ள, ரொட்டி சானாய்... சூடு ஆறிரும்,” என்று சொல்லி முடிப்பதற்குள் அது ஆறிவிட்டது. நம் பரோட்டாவின் தம்பி அது. மெலிசு, மொறுமொறு, தொட்டுக்கொள்ள பருப்பும் மீன் குழம்பும். மூன்று தின்றேன்.

அன்று முழுக்க ஒத்திகை. நேர்காணலில் கணவனையும் மனைவியையும் தனித்தனியாக அழைத்து ஒரே கேள்வியைக் கேட்பார்களாம். இருவரும் ஒரே பதில் சொல்ல வேண்டும். பொய்க் கல்யாணங்களைக் கண்டுபிடிக்க அப்படி ஒரு வழி. அக்கா நோட்டுப் போட்டு எழுதி வைத்திருந்தாள். ஜன்னல் திரை என்ன நிறம், காலையில் யார் முதலில் எழுவது, நேற்று இரவு என்ன சாப்பாடு. மலாயில் கேட்டு மலாயில் பதில் சொல்லிக்கொண்டார்கள். மாமாவுக்குத் திரையின் நிறம் ஒவ்வொரு தடவையும் மாறியது. பச்சை என்றார், பிறகு நீலம் என்றார்.

“பொண்டாட்டி கலர் தெரியும்,” என்றார் கடைசியில். “திரை கலர்... எதுக்கு லா.”

அக்கா சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். அவளுக்கு எவ்வளவு பயம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் கொண்டுவந்த காகிதங்களைச் சாயங்காலம் மேசையில் பரப்பினோம். சிக்கல் இதுதான். அக்காவின் பாஸ்போர்ட்டில் இருப்பது பள்ளிக்கூடத்தில் எழுதிய பிறந்த தேதி, ஜனவரி. இங்கே திருமணத்தைப் பதிந்தபோது மாமாவின் தங்கை ஜாதகத்தைப் பார்த்துப் படிவத்தை நிரப்பிவிட்டார். அதில் கார்த்திகை மாதம், அதாவது அதற்கு முந்தைய நவம்பர். இரண்டில் எது சரி என்று பிறந்த வீட்டிலிருந்து ஒருவர் சத்தியப் பிரமாணம் கொடுக்க வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. பிறந்த வீட்டில் மிச்சம் நான் ஒருவன்தான். நகராட்சியில் தேடினேன், அவள் பிறப்பு பதிவாகவில்லை. பதிவாகவில்லை என்பதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். காகிதம் இல்லை என்பதற்கும் ஒரு காகிதம் உண்டு என்பதை மாமா மிகவும் ரசித்தார்.

செவ்வாய்க்கிழமை பிரிக்பீல்ட்ஸ் போனேன், தனியாக, சரியான ரயிலில், ஆண்களும் ஏறும் பெட்டியில். இங்கே சத்தியப் பிரமாணத்தில் முத்திரை வைக்கத் தனி அதிகாரிகள் உண்டு. எல்லோரும் ஆங்கிலத்திலேயே கமிஷனர் என்கிறார்கள். தமிழ் ஜாதகம் வாசிக்கத் தெரிந்த ஒரு கமிஷனர் அம்மாள் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொல்லியிருந்தார்கள். பூக்கடைக்கு மேலே மாடியில் சிறிய அறை. படியெல்லாம் மல்லிகையும் சாம்பிராணியும் கலந்த மணம். கீழே யாரோ மாலை கட்டிக்கொண்டே மலாயில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் ஜாதகத்தைப் பார்த்தார், பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார், என் பாஸ்போர்ட்டையும் வாங்கி அக்காவுடையதன் நகல் பக்கத்தில் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணே, இவங்க ஒங்க சொந்த அக்காவா?”

“கூடப் பொறந்த அக்கா.”

“ஒரே அம்மா?”

“ஒரே அம்மாதான்.”

“அப்ப இவங்க ஜனவரி, நீங்க அதே வருஷம் மே. இது எப்படி?”

ஐம்பது வருடமாக அந்தத் தேதிகளோடு வாழ்கிறேன். ஒருநாளும் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. பார்த்தபோது எனக்கே திக்கென்றது.

நடந்ததைச் சொன்னேன். அப்பாவுக்கு வேலையிலிருந்து ஒருநாள்தான் விடுப்புக் கிடைத்தது. ஒரே நாளில் இருவரையும் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனார். அந்தக் காலத்தில் வயதைப் பார்க்க ஒரே வழிதான். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். அக்கா தொட்டாள். இரண்டு வயது சின்னவனான நானும் தொட்டுவிட்டேன், எனக்குக் கை நீளம். தலைமையாசிரியர் இருவரையும் ஒன்றாம் வகுப்பில் போட்டு, அவளுக்கு ஒரு தேதி, எனக்கு ஒரு தேதி எழுதினார். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடினார். எங்கள் ஊரில் அதை யாரும் கேட்டதில்லை. எங்கள் கம்பெனி ஓட்டுநர்களில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள்தான்.

அந்த அம்மாள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு துடைத்துக்கொண்டு, இன்னொன்று கேட்டார். அக்கா பிறந்தபோது நான் பிறக்கவே இல்லை, அப்படியிருக்க நான் எப்படிச் சாட்சி? அம்மா சொன்னதுதான் என்றேன். எல்லோருக்கும் அம்மா சொன்னதுதான் அண்ணே என்று அவர் மெல்லச் சொன்னார். யோசித்துப் பார்த்தால் யாருக்கும் தன் பிறப்புக்கு வேறு ஆதாரம் இல்லை.

ஆனால் அவர் சொன்ன அடுத்த விஷயத்தில் சிரிப்பு இல்லை. என் பிரமாணத்தை நம்ப வேண்டுமென்றால் நான் அக்காவின் தேதியை மட்டும் தவறு என்று சொல்ல முடியாது. என் தேதியும் தலைமையாசிரியர் குத்துமதிப்பாகப் போட்டது என்று பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்து எழுதிச் சத்தியம் செய்ய வேண்டும்.

“நீங்க வெளிநாட்டுக்காரர். இந்தப் பாஸ்போர்ட்டக் காட்டித்தான் உள்ள வந்திருக்கீங்க. இதுல இருக்கிற தேதி சரியில்லன்னு நீங்களே சொல்றீங்க. நாளைக்கு யாராவது கேட்டா, திருப்பி அனுப்பினா, இனிமே வர வேணாம்னா, நான் ஒண்ணும் பண்ண முடியாது. யோசிச்சிட்டு வாங்க அண்ணே.”

யோசிக்கிறேன் என்று இறங்கி வந்தேன்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தேன். பரிமாறியவர் என்னை முதலாளி மாதிரி “பாஸ்” என்று அழைத்து, கேட்காமலே இரண்டாம் தடவை சோறு வைத்தார். பாகற்காயை மெலிசாகச் சீவி மொறுமொறுவென்று பொரித்திருந்தார்கள். ருசியாக இருந்தது என்று நினைவிருக்கிறது, ஆனால் மனம் அங்கே இல்லை. கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று அது தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. நேர்காணல் தள்ளிப்போகும். ஒரு வருடம், இரண்டு வருடம். மாமாவின் உடம்பு அதுவரை தாங்காது. அக்கா திண்டுக்கல் வருவாள். கிழக்கு ஜன்னலைத் திறப்பாள். நான் எந்தப் பாவமும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும். இந்த நினைப்பு எனக்கு இனித்தது. இனித்தது என்பதை எழுதவே கூசுகிறது.

வெளியே வந்து கால்போன போக்கில் நடந்தேன். வெயில் மங்கி, தெரு முழுக்க ஒரு மஞ்சள் புகைபோல் வெளிச்சம் இருந்தது. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் பலர் வாழ்கிறார்கள். அவர்கள் காலால் தடவி நடப்பதற்காக நடைபாதையில் மேடு வைத்த மஞ்சள் கற்களைப் பதித்திருக்கிறார்கள். நான் அந்தக் கற்களின் மேலேயே நடந்துகொண்டிருந்தேன். எதிரே வெள்ளைக் கோலோடு வந்தவர் என் காலில் தட்டி நின்றார். மன்னிப்புக் கேட்டேன். என் பேச்சைக் கேட்டதும் அவரும் தமிழில் மணி என்ன என்றார்.

“பதினொண்ணு பத்து,” என்றேன்.

“பதினொண்ணா? மழை வாசம் வந்திருச்சே. ரெண்டு மணிக்கு எனக்கு மசாஜ் கஸ்டமர் இருக்காங்க.”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். முப்பத்தோரு வருடத்தில் ஒருவருக்கும் தப்பான நேரம் சொன்னதில்லை. அது ஊர் நேரம், இங்கே ஒன்று நாற்பது என்று திருத்தினேன். வந்து எத்தனை நாள் என்று கேட்டார். மூன்று நாள் என்றேன்.

“அப்ப இன்னும் வந்து சேரல அண்ணே நீங்க,” என்று சிரித்துவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் கமிஷனர் ஊரில் இல்லை என்று பொய் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். சரி என்றாள்.

புதன்கிழமை கிள்ளான் கடைத்தெருவுக்கு என்னை அழைத்துப் போனாள். நேர்காணலுக்கு மாமாவுக்கு ஒரு சட்டை எடுக்க வேண்டும், ஒரு கையால் மாட்டக்கூடியதாக. புடவைக் கடைகளின் துணிகள் தெருவரை தொங்கின. பாட்டு ஒவ்வொரு கடையிலும் வேறு. திண்டுக்கல் கடைவீதிதான் இது, ஆனால் யாரோ அதைத் தண்ணீருக்கடியில் வைத்துக் காட்டுவதுபோல் எல்லாம் ஈரமாகவும் மெதுவாகவும் அசைந்தன. சட்டை எடுத்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. கடை ஓரம் ஒதுங்கினோம். கடையில் பிளாஸ்டிக் பையில் கட்டித் தந்த தே தாரிக்கை, நுரை வர ஆற்றிய டீயை, உறிஞ்சியபடி அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள்.

“கமிஷனர் இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்டா. நேத்து போன் பண்ணிப் பேசினேன். ஒனக்குப் பயமா இருந்தா போட வேணாம். நெசமாத்தான் சொல்றேன்.”

பயம் மட்டும் இல்லை என்றேன். மாடி அறையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வாழையிலைக் கடையில் நினைத்ததையும் சேர்த்து. அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாஸ் புதுப்பிக்கப் போறப்பல்லாம் கவுண்டர் முன்னாடி அவர் கையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்த ஆபீசர் பாக்கணுமேன்னு கொஞ்சம் இறுக்கிப் புடிப்பேன். பன்னண்டு வருஷமா அப்படி. இப்ப வீட்ல அவருக்கு மருந்து குடுக்கறப்பக்கூட தோணுதுடா. இந்த மனுசன் மேல உள்ள ஆசைல பாக்குறேனா, இல்ல பாஸுக்காகப் பாக்குறேனான்னு. அவருக்கும் தோணும்ல? ஒரு தடவையாவது ஒண்ணுத்துக்காகவும் இல்லாம அவர் கையப் புடிக்கணும்.”

நான் ஒரு அறை கட்டி வைத்துக்கொண்டு அந்த மனிதர் சாவதற்காகக் காத்திருக்கிறேன். அவள் அவர் கையைப் பிடிக்க ஒரு அட்டைக்காகக் காத்திருக்கிறாள். பிறகு அவளே கேட்டாள், ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறாயா என்று. போட்டிருக்கிறேன் என்றேன்.

வியாழக்கிழமை காலை முதல் ஆளாகப் பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படியில் நின்றேன். கமிஷனர் அம்மாள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்காட்டி, புரிந்ததா புரிந்ததா என்று கேட்டார். அக்கா கார்த்திகையில் பிறந்தவள். நான் இரண்டு வருடம் கழித்துத் தையில் பிறந்தவன். எங்கள் இருவருக்கும் பள்ளியில் எழுதிய தேதிகள் உண்மையல்ல. வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னார். உயர்த்தினேன். காதைத் தொடுவதற்காக அல்லாமல் அதிகாரி முன் அந்தக் கையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை நேர்காணல். அக்கம்பக்கத்தில் ஒரு வேனை ஏற்பாடு செய்து மாமாவை நாற்காலியோடு ஏற்றினோம். புதுச் சட்டையில் அவர் பெண் பார்க்கப் போகிறவர்போல் இருந்தார். காத்திருக்கும் கூடத்தில் எத்தனையோ நாட்டு மனைவிகள். ஒருத்தி தன் கணவனிடம் ஏதோ மனப்பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அவன் தலையாட்டித் திருத்தினான். எங்கள் வீட்டுத் திரை போலவே ஒரு திரையைப் பற்றித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலில் அக்கா உள்ளே போய் வந்தாள். வெளியே வந்தவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து மாமாவை அழைத்தார்கள். நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும், சாட்சியும் வரட்டும் என்று என்னையும் உள்ளே விட்டார்கள். அதிகாரி இளம் மலாய்ப் பெண், வெளிர்நீலத் தலைத்துணி. மேசையில் என் சத்தியப் பிரமாணம் இருந்தது. அவர் மாமாவிடம் மலாயில் என்னவோ கேட்டார். மாமா யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். சுவரில் இருந்த கடிகாரத்தின் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு அவர் நல்ல கையைத் தூக்கி இரண்டு விரல்களைக் காட்டி, ஒவ்வொரு சொல்லாக ஏற்றி அனுப்பினார். அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

“மனைவியின் பிறந்தநாள் எது என்று கேட்டேன். இரண்டு என்கிறார். ஒன்றில் கோவிலுக்குக் கூட்டிப்போவாராம். இன்னொன்றில் கேக் வாங்குவாராம். பன்னிரண்டு வருடமும் இரண்டையும் கொண்டாடினாராம்.”

மாமா எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. அக்கா இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை.

எது உண்மையான நாள் என்று அதிகாரி என்னைக் கேட்டார். கோவிலுக்குப் போகிற நாள்தான் உண்மை, கேக் தலைமையாசிரியருடையது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியானால் உங்கள் தேதியும் உண்மையில்லையா என்றார். இல்லை மேடம் என்றேன். அவர் என் பாஸ்போர்ட்டை வாங்கிப் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். காதைத் தொட்ட கதையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன், கையால் செய்தும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் தன் கையை மெல்லத் தூக்கித் தலைக்கு மேல் கொண்டுபோய், தலைத்துணிக்கு மேலாகக் காதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நிறைய எழுதினார். கடிதம் வரும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பினேன். விமான நிலையத்தில் வரிசையில் நின்றேன். யாராவது தோளில் கை வைத்து ஓரமாக வா என்பார்கள் என்று காத்திருந்தேன். அதிகாரி கொட்டாவி விட்டபடி முத்திரை வைத்து அனுப்பிவிட்டார். அந்தப் பாஸ்போர்ட்டில் நான் இன்னும் மே மாதத்தில் பிறந்தவன்தான்.

அதன் பிறகு பதினோரு மாதம். மழை பெய்தால் மாடிக்குப் போய்க் கிழக்கு ஜன்னலைச் சாத்துவேன், நின்றால் திறப்பேன். ஒவ்வொரு தடவை அவள் எண் போனில் ஒளிரும்போதும், எந்தச் செய்தி முதலில் வந்திருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேதான் எடுப்பேன். அட்டை முந்த வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அறையைக் கட்டியவன் அப்படி வேண்டிக்கொண்டேன் என்பதையும் பதிந்து வைக்கிறேன்.

ஒரு காலையில் பத்து மணிக்கு அழைத்தாள். பின்னணியில் ரயில் நிலைய அறிவிப்பு கேட்டது. அங்கே பன்னிரண்டரை என்று மனம் தானாகக் கூட்டிக்கொண்டது.

“சிவப்பு ஐசி வந்துருச்சுடா,” என்றாள். மாமா எங்கே என்று கேட்டேன்.

“பக்கத்துலதான் இருக்கார், நாற்காலில. இன்னிக்குக் கவுண்டர்ல அவரை யாரும் கூப்பிடவே இல்ல. நான் மட்டும் போயி வாங்கிட்டு வந்தேன். இங்க வந்து ட்ரெயினுக்கு நிக்கிறப்ப அவர் கையப் புடிச்சேன். இன்னும் எதுல கையெழுத்துப் போடணும்னு கேக்குறார்டா.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணுலயும் இல்ல, சும்மாதான் புடிச்சேன்னு சொன்னேன்.”